முதல் போடுவதற்கு முன் படிக்க

கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. புதிதாகத் தொழில் தொடங்க பேங்க் கடன் கேட்கிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பம்ப் உதிரிபாகம், வெட் கிரைண்டர், இட்லி மாவு, பேப்பர் கப், மசாலாப் பொடி, சாஃப்ட்வேர் என்று எல்லா வகையும் வரும். பேச்சுக்கு நடுவே பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தொழில் பத்தி ஏதாச்சும் நல்ல புக் இருந்தா சொல்லுங்க சார்."

கேட்கிறவர் ஏற்கெனவே கொஞ்சம் படித்திருப்பார். வெற்றி பெற்றவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், பணக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்ற ரகம். அந்தப் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து மார்ஜின் பணம் (கடனோடு தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கொண்டுவருகிறவருக்கு வெளியிலிருந்து ஊக்கம் ஊட்ட என்ன இருக்கிறது? ஆர்வம் போதாமல் கடையை மூடியவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. மூடியவர்களில் நிறையப் பேர் கையில் ஆர்டர் இருக்கும்போதே மூடியவர்கள். "ஆர்டருக்குக் குறையே இல்லீங்க, கையிலதான் காசு நிக்க மாட்டேங்குது" என்பார்கள். காசு நிற்கத்தான் செய்கிறது. அவர் கையில் நிற்காமல் வேறெங்கோ நிற்கிறது.

அது எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று காட்டுகிற எழுத்தாகப் பார்த்துப் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்படிப் பார்த்தால் என் சிபாரிசில் பாதி புத்தகமாகவே இருக்காது.

முதல் சிபாரிசு, பங்கு வெளியிடும் கம்பெனிகளின் ப்ராஸ்பெக்டஸ், அதாவது பங்கை விற்பதற்கு முன் தங்களைப் பற்றி அவர்கள் தாக்கல் செய்கிற ஆவணம். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். "அது ஷேர் வாங்குறவங்களுக்குத்தானே?" ஷேர் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தொழில் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது, அதுவும் இலவசம். பெரிய கம்பெனிகளுடையது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதைவிட நமக்கு உதவுவது சின்னக் கம்பெனிகளுடையது. 2012-ல் தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனித் தளங்கள் திறந்தன. அங்கே போனால் வால்வு செய்கிறவர், பிளாஸ்டிக் டப்பா செய்கிறவர், நூல் விற்கிறவர் என்று நம் சிட்கோ எஸ்டேட்டில் பார்க்கிற மாதிரி ஆட்கள் தங்கள் தொழிலின் உள்விவரத்தை நூற்றுக்கணக்கான பக்கங்களில் சட்டப்படி எழுதி வைத்திருப்பார்கள். நேரில் போய்க் கேட்டால் ஒரு வரி சொல்வார்களா?

முழுவதும் படிக்கத் தேவையில்லை. தொழில் விவரம் என்ற பகுதியில் என்ன மெஷின், எவ்வளவு உற்பத்தித் திறன், அதில் எவ்வளவு உண்மையில் ஓடுகிறது என்று இருக்கும். ரிஸ்க் பகுதியில் விற்பனையில் எத்தனை சதவீதம் முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்று சொல்லியிருப்பார்கள். பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து என்றால், கம்பெனி போர்டில் யார் பெயர் இருந்தாலும் முதலாளி அந்த வாடிக்கையாளர்தான். உறவினர் நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு பகுதி உண்டு. அண்ணனிடம் வாங்கி மச்சானுக்கு விற்று விற்பனைக் கணக்கைக் காட்டுகிறார்களா என்று அதில் தேடிப் பார்க்கலாம். இதெல்லாம் கொஞ்சம் வம்பு படிக்கிற சுகமும் தரும், மறைப்பானேன்.

ஆனால் உட்கார்ந்து படிக்க வேண்டியது ஒரே ஒரு அட்டவணை. திரட்டுகிற பணத்தில் ஒரு பகுதியை நடைமுறை மூலதனத்துக்கு (அன்றாடம் தொழிலை ஓட்டும் பணத்துக்கு) வைத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற கம்பெனி, அந்தத் தொகை எப்படி வந்தது என்று நாள் கணக்கில் காட்ட வேண்டும். கச்சாப்பொருள் எத்தனை நாள் கிடக்கிறது, முடிந்த சரக்கு எத்தனை நாள், விற்ற காசு வர எத்தனை நாள், நாம் கொடுக்க வேண்டியதற்கு எத்தனை நாள் தவணை. உதாரணத்துக்கு நானே ஒரு கணக்குப் போடுகிறேன். கச்சாப்பொருள் 30 நாள், பாதி வேலையில் 15, முடிந்த சரக்கு 20, வரவேண்டிய பாக்கி 75, ஆகமொத்தம் 140. சப்ளையர் நமக்குத் தருகிற தவணை 40 நாள். கழித்தால் 100 நாள். மாதம் 10 லட்சம் விற்கிற ஆளுக்கு 100 நாள் விற்பனை என்றால் 33 லட்சம். லாபத்தைக் கழித்து அடக்க விலையில் பார்த்தாலும் 25 லட்சத்துக்கு மேல் எப்போதும் தொழிலுக்குள்ளேயே கிடக்கும். மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போட்ட பணம் இதில் சேரவில்லை. விற்பனை இரண்டு மடங்கானால் இதுவும் இரண்டு மடங்காகும். "வளர்ந்தா காசு வரும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறவருக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஜிஎஸ்டியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் 75 நாள் கழித்துத் தரட்டும், தராமலே போகட்டும், கட்டும் தேதி மாறாது.

உங்கள் துறையில் மூன்று நான்கு கம்பெனிகளின் அட்டவணையை எடுத்து ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொழிலின் இயல்பான நாள் கணக்கு பிடிபட்டுவிடும். என்னிடம் வந்து "எங்க பார்ட்டி எல்லாம் ரொக்கந்தானுங்க" என்று சொல்ல மனசு வராது. ஒரே எச்சரிக்கை: இந்த ஆவணங்கள் பங்கை விற்பதற்காக எழுதப்படுபவை. சிறு நிறுவனப் பங்குகளில் கணக்கை ஊதிக் காட்டுவதாக 2024 ஆகஸ்டில் செபியே முதலீட்டாளர்களை எச்சரித்தது. தொழிலைக் கற்றுக்கொள்ளப் படியுங்கள். படித்த சூட்டில் பங்கு வாங்கிவிட வேண்டாம்.

பெரிய கம்பெனிகளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜொமேட்டோ 2021-ல் பங்கு வெளியிடத் தாக்கல் செய்த ஆவணத்தில், ஒரு ஆர்டருக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்று ஒரு குட்டி அட்டவணை இருக்கிறது. 2019-20 நிதியாண்டில் ஒரு ஆர்டருக்கு ஓட்டல் தருகிற கமிஷனும் மற்றதும் 43.60 ரூபாய், வாடிக்கையாளர் தருகிற டெலிவரி கட்டணம் 15.60. போவது, டெலிவரி செலவு 52, தள்ளுபடி 21.70, இதர செலவு 16. கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் 30.50 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. அடுத்த நிதியாண்டின் முதல் ஒன்பது மாதத்தில் இதே கணக்கு 22.90 ரூபாய் மிச்சம் என்று மாறியது. ஆபீஸ் வாடகை, சம்பளம், விளம்பரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான், அதனால் கம்பெனிக்கு மொத்தத்தில் நட்டமே. ஆனால் இட்லி மாவு விற்கிறவரும் ஒரு பாக்கெட்டுக்கு இப்படி ஐந்து வரி எழுதிப் பார்க்கலாம். எழுதச் சொன்னால் பலரும் அரிசி, உளுந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடையில் விற்காமல் திரும்பி வருகிற பாக்கெட் அவர்கள் கணக்கில் இருப்பதே இல்லை.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட் எழுதிய 'ஷூ டாக்' (2016) புத்தகத்தை நிறையப் பேர் ஊக்கத்துக்காகப் படிக்கிறார்கள். நான் அதை பேங்க் லிமிட் பற்றிய புத்தகமாகப் படிக்கச் சொல்வேன். நைட் அடிப்படையில் ஒரு கணக்காளர். பிரைஸ் வாட்டர்ஹவுஸில் வேலை பார்த்தவர், கல்லூரியில் கணக்கியல் பாடம் எடுத்தவர். 1964-ல் தன் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனோடு ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஜப்பானிலிருந்து ஓனிட்சுகா கம்பெனியின் ஷூக்களை வாங்கி விற்கத் தொடங்கினார். விற்பனை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. பேங்க்காரர் மகிழ்ந்து போயிருக்க வேண்டுமே? இல்லை. சொந்த முதல் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இவ்வளவு வேகமாக வளராதே என்று ஒவ்வொரு வருடமும் கண்டிக்கிறார். வருகிற காசு முழுக்க அடுத்த கப்பலில் வரும் சரக்குக்கே போகிறது. லாபம் ஏட்டில் இருக்கிறது, கணக்கில் இருப்பு இல்லை. 1975-ல் செக்குகள் திரும்பி, பேங்க் கணக்கையே மூடிக்கொண்டு வெளியே போ என்கிறது. காப்பாற்றியது நிஷோ இவாய் என்கிற ஜப்பானிய வணிகக் கம்பெனி. பேங்க் கடன் முழுவதையும் அது அடைத்தது. 1980-ல் பங்கு வெளியிடும்வரை இந்த மூச்சுத் திணறல் தீரவில்லை. கணக்குத் தெரிந்த ஆளுக்கே இந்தக் கதி என்பதுதான் எனக்கு அந்தப் புத்தகம். வெளியீட்டாளர்கள் அட்டையில் இதைப் போட மாட்டார்கள்.

புது மெஷின் வாங்கக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு, அதிலும் நூல், நெசவு, பின்னலாடைக்காரர்களுக்கு, வாரன் பஃபெட் 1985-ஆம் ஆண்டுக்காகத் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்வேன். பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்த கம்பெனி முதலில் ஒரு நெசவு ஆலை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1965-ல் அதன் நிர்வாகம் பஃபெட் கைக்கு வந்தது. இருபது ஆண்டு இழுத்துப் பிடித்து 1985-ல் மூடினார். ஏன் மூடினோம் என்று அந்தக் கடிதத்தில் விளக்குகிறார். நிர்வாகிகள் திறமைசாலிகள், தொழிலாளர்கள் ஒத்துழைத்தார்கள் என்று அவரே எழுதுகிறார். பிறகு என்ன கோளாறு? புது மெஷின் போட்டால் செலவு குறையும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டபோது அது லாபமாகத்தான் தெரிந்தது. அதே கணக்கைப் போட்டியாளர்களும் போட்டார்கள், அதே மெஷினை வாங்கினார்கள். எல்லோருக்கும் செலவு குறைந்ததும் துணி விலையும் குறைந்தது. மிச்சம் முழுவதும் துணி வாங்குகிறவருக்குப் போய்விட்டது. மெஷின்காரனுக்குக் கொடுத்த பணம் மட்டும் ஆலைக்குள் நின்றுவிட்டது.

அது எப்படி நின்றது என்பதற்கு அவர் தருகிற கணக்கு கொடூரமானது. ஏறக்குறைய 1.3 கோடி டாலருக்கு வாங்கிய மெஷின்களும் சாமான்களும் ஏலத்தில் 1,63,122 டாலருக்குப் போயின. 1981-ல் தலா 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்கும் கேட்க ஆளில்லை. கடைசியில் 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போட்டார்கள். பெயர்த்து எடுத்துச் செல்லும் செலவுக்குக்கூட அது காணவில்லை.

இதைப் படித்துவிட்டு மெஷினே வாங்காதே என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மெஷின் வாங்காவிட்டாலும் அதே பஃபெட் சொல்கிற மாதிரி தொழில் போய்விடும், அதுதான் அந்தத் துறையின் சிக்கல். ஜவுளித்துறைக்கு 1999-லிருந்து வந்த வட்டி மானியத் திட்டத்தில் நம் பக்கமும் ஊரே மெஷின் மாற்றியது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "புது மெஷினால் மிச்சமாகும் தொகை" என்று ஒரு வரி வரும். பக்கத்து ஷெட்காரரும் இதே மெஷினை வாங்கினால் இந்தத் தொகையில் எவ்வளவு உங்கள் கையில் மிஞ்சும் என்று நான் கேட்பேன். கேட்டதும் எதிரே ஒரு மௌனம் வரும். மானியம் எவ்வளவு சதவீதம் என்பதில்தான் பெரும்பாலோர் கண் இருக்கும்.

ஷெட்டுக்குள்ளேயே பணம் நிற்கிற இடத்தைப் பார்க்க எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸோடு சேர்ந்து எழுதிய 'தி கோல்' (1984). நாவல் வடிவில் எழுதிய தொழிற்சாலைப் பாடம். கதையாக அது சுமார்தான், குடும்பக் காட்சிகளை நான் தாண்டிவிடுவேன். ஆனால் எந்த மெஷின் மெதுவோ அதன் வேகம்தான் மொத்தத் தொழிற்சாலையின் வேகம், மற்ற மெஷின்களைச் சும்மா விடக்கூடாதென்று ஓட்டினால் அந்த மெதுவான மெஷின் முன்னால் சரக்குதான் குவியும் என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் பார்த்ததில்லை. படித்துவிட்டு உங்கள் ஷெட்டில் எந்த மெஷின் பக்கத்தில் ட்ரே அதிகம் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் தன் வாழ்க்கையைச் சொன்ன 'ஐ டூ ஹேட் எ ட்ரீம்' (2005) புத்தகத்தைக் கூட்டுறவு இயக்கத்தின் கதை என்று தொழில்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த ஆள், அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்கு ஈடாக 1949-ல் குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூருக்கு வேண்டா வெறுப்பாக வேலைக்குப் போனவர். நான் அதில் மடக்கி வைத்திருக்கும் பக்கங்கள் பால் பவுடர் பற்றியவை. குளிர்காலத்தில் எருமை அதிகம் கறக்கும். பம்பாய் நகரம் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளாது. விவசாயியிடம் இன்று பால் வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு அவர் வர மாட்டார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னபோது, குரியனின் நண்பர் எச்.எம். தலாயா முடியும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று அந்தத் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஒரே நாளில் கெட்டுப்போகிற சரக்கு, மாதக்கணக்கில் காத்திருக்கும் சரக்காக மாறியது. தினசரிச் சரக்கு விற்கிறவர்கள், பூ, காய்கறி, மாவு, மீன் எதுவானாலும், அந்தப் பக்கங்களைத் தங்கள் தொழிலை வைத்துப் படிக்கலாம்.

ஏர் டெக்கான் விமானக் கம்பெனியைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை'யைப் படமாகப் பார்த்தவர்கள் அதிகம், 'சூரரைப் போற்று' அதிலிருந்து வந்ததுதான். விமானப் பகுதியைவிட ஹாசன் பக்கம் தரிசு நிலத்தில் அவர் செய்த விவசாயம், பட்டுப்புழு, மோட்டார் பைக் டீலர்ஷிப் எல்லாம் வருகிற முன்பகுதி நமக்குக் கிட்டே இருக்கிறது. படத்தில் அது இல்லை.

வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' (2013). சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். என் யோசனை எப்படி என்று யாரிடமும் கேட்காதே, அம்மாகூடப் பொய் சொல்வாள் என்பது அதன் சாரம். நம் ஊரில் அம்மா மட்டுமா? சித்தப்பா, பெரியம்மா, காலேஜ் நண்பர்கள் எல்லோரும் "சூப்பர்ப்பா, ஆரம்பி, நாங்க இருக்கோம்" என்பார்கள். மசாலாப் பொடி போட்ட ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருமே கைதட்டுனாங்க சார், வாங்குனது நாலு பேருதான்." பொடி வாங்குவீர்களா என்று கேட்பதைவிட, போன மாதம் என்ன பொடி வாங்கினீர்கள், எந்தக் கடையில், என்ன விலைக்கு, தீர்ந்த பிறகு அதையே ஏன் திரும்ப வாங்கினீர்கள் என்று கேட்டால் உண்மை வரும். நடந்து முடிந்ததைப் பற்றிக் கேட்டால் மனிதர்களுக்கு முகஸ்துதி செய்ய வராது.

எரிக் ரீஸின் 'தி லீன் ஸ்டார்ட்அப்' (2011) மாதிரியான அமெரிக்க ஸ்டார்ட்அப் புத்தகங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். சின்னதாகச் செய்து பார், அளந்து பார், மாற்று என்பது நல்ல புத்திதான். ஆனால் தோற்றால் சீக்கிரம் தோற்றுவிடு என்ற அந்த வட்டாரப் பேச்சு, பணம் முதலீட்டாளருடையதாக இருக்கிற ஊரில் பிறந்தது. சாஃப்ட்வேரில் ஒரு பட்டனை மாற்றிப் பார்ப்பதும், மெஷினில் மாட்டுகிற 18 லட்ச ரூபாய் டையை (அச்சை) மாற்றிப் பார்ப்பதும் ஒன்றல்ல. வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறவர் அந்த அத்தியாயங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கட்டும்.

கடைசியாக இரண்டு, இரண்டுமே புத்தகம் இல்லை.

ஒன்று, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் 15, 16-ஆம் பிரிவுகள். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. குறு, சிறு தொழில் செய்கிறவரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதில் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டி, நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காத தொகையைச் சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. இதை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனி மேல் கேஸ் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டால் அடுத்த ஆர்டர் வராது, அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனால் உத்யம் பதிவு எண்ணை (குறு, சிறு தொழில் என்பதற்கு அரசு தருகிற எண்) பில்லில் அச்சடித்து, 45 நாள் என்று முதல் ஆர்டரிலேயே எழுதி வாங்குவதற்குச் சண்டை தேவையில்லை. மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே உங்கள் பாக்கியைத் தேடி எடுத்துக் கொடுக்கச் சொல்வார்.

இன்னொன்று, பேங்க் தருகிற சாங்ஷன் லெட்டர். கடன் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் தொகையையும் வட்டியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மிச்சப் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. சிசி லிமிட் (சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்து எடுத்துக் கட்டுகிற கேஷ் கிரெடிட் கடனின் உச்சவரம்பு) 20 லட்சம் என்று எழுதியிருந்தாலும் 20 லட்சமும் எடுக்க முடியாது. மாதாமாதம் நீங்கள் தருகிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து, சரக்கில் கடனுக்கு வாங்கியதைக் கழித்து, வரவேண்டிய பாக்கியைச் சேர்த்து, மார்ஜினைக் கழித்து, மிஞ்சுகிற அளவுக்குத்தான் எடுக்கலாம். அதற்கு ட்ராயிங் பவர் என்று பெயர். வரவேண்டிய பாக்கியில் 90 நாள் தாண்டியதைப் பொதுவாகக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அதாவது பார்ட்டி இழுத்தடிக்கிற மாதம்தான் பேங்க்கும் கையைச் சுருக்கும். ஸ்டேட்மென்ட் தாமதமானால் அபராதம், இன்ஷூரன்ஸ் விட்டுப்போனால் பேங்கே போட்டு உங்கள் கணக்கில் பிடிப்பது, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு எதுவரை என்பது எல்லாம் அதே தாள்களில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கையெழுத்துக்கு முன் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வைத்துப் படித்துவிட்டு நாளைக்கு வந்து போடுகிறேன் என்று சொல்லுங்கள். மேனேஜர் கொஞ்சம் முகம் சுளிப்பார், மார்ச் மாதமாக இருந்தால் கூடவே சுளிப்பார். அதற்காகக் கடனை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. புரியாத வரிக்கு அடிக்கோடு போட்டு உங்கள் ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள், ஜாமீன் போடுகிறவரையும் கூட அழைத்துக்கொண்டு.